கயிற்றின் மறுமுனை

மஹேபூர் கரை. தென்கிழக்குக் காற்று.
ஈரக் கல்மேல் மண்டியிட்டிருக்கிறேன்,
முழங்காலைக் கல் தின்கிறது.
கேமராத் துளைக்குள் எட்டுப் பாய்கள்,
எட்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு.
ஒரு பாய்க்கும் மறு பாய்க்கும் நடுவே
விரற்கடை நீராவது வேண்டும்.
இல்லையென்றால் அது படகுப் போட்டியல்ல,
கொடியில் காயும் துணி.

காத்திருந்தேன்.
காற்றே பிரித்துக் கொடுத்தது.

சிவப்புப் பாய் தனியே வந்தது,
முனை இடப்பக்கம் பார்க்க, என்னை நோக்கிச் சாய்வாக.
பழைய விளம்பரத் துணியில் ஒட்டுப் போட்ட பாய்;
ஒட்டில் ஏதோ ஒரு குளிர்பானத்தின்
கடைசி மூன்று எழுத்துகள், தலைகீழாக.
பின்னால் சிங்க மலை.
பாய்மரம் சிங்கத்தின் நெற்றியில் முளைக்காதிருக்க
இரண்டடி தள்ளிப் போனேன்.
நான் இரண்டடி நகர்ந்தால்
மலை அரை மைல் நகரும்.
இந்தத் தொழிலில் எனக்குள்ள அதிகாரம்
அவ்வளவுதான்.

அழுத்தினேன்.

இரவு, திரையில், முதலில் தொடுவானம்.
மூன்று டிகிரி சரிந்திருந்தது.
நிமிர்த்தினேன்.
கடல் தட்டில் ஊற்றிய பாலாய் நின்றது.
படகும் கூடவே நிமிர்ந்து
காற்று பாதியாய்ச் செத்தது.
பழையபடி சாய்த்தேன்: காற்று வந்தது,
கடல் ஓரமாய் வடியத் தொடங்கியது.
இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லை.
ஒன்றரை டிகிரியில்
கடலோடு ஓர் உடன்படிக்கை.

படகு போகும் பக்கம் இடம் விடு என்பது
இந்த வேலையின் அரிச்சுவடி.
விட்டிருந்தேன், இடப்பக்கம், தாராளமாக:
ஒன்றுமில்லாத நீலம்,
தூரத்தில் பவளத்திட்டின் நுரைக்கோடு.
"ரொம்ப நல்லது" என்றார்
பெயின்ட் கடை கூர்ப்பென்.
"ஆகஸ்ட் தேதிகளை அங்கே போட்டுவிடலாம்."
முப்பத்தொரு நாளும் அந்த நீரில் மிதக்கப் போகின்றன,
படகு முதல் திங்கட்கிழமையில் மோதப் போகிறது.

"வலது ஓரத்தை நறுக்கிவிடுங்கள்.
அந்த ஆள் துருத்திக்கொண்டிருக்கிறான்.
கால்சட்டை வேறு கிழிசல்."

வலது ஓரத்தில் ஜோஸ்லென்.
மர உச்சியிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்து
பாதம் இரண்டையும் படகின் விளிம்பில் ஊன்றி
முழு உடம்பையும் கடலுக்கு வெளியே கொடுத்து
அலை முதுகை நனைக்கத் தொங்குகிறான்.
கோட்டை இழுத்தேன். விட்டேன்.
எலிக்குட்டி வாய்மூடியதுபோல் ஒரு சத்தம்.
அந்த ஆளுக்கு எழுபது கிலோ இருக்கும்;
என் கோப்பு
நாலு எம்.பி. குறைந்தது.

ஆகஸ்டில், வில் நுவாரில்,
செல்லுமென் முடிதிருத்தகத்தில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன்.
நாற்காலியில் கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு ஜோஸ்லென்.
நாட்காட்டி அவன் முதுகுப்பக்கச் சுவரில்;
அவன் கண்ணாடியில் பார்த்தான்,
இடம் வலமாக.
"நம்ம படகு" என்றான்.
கத்தி கன்னத்தில் நின்றது.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"கயிற்றில் ஆளைக் காணோமே.
இந்தக் காற்றுக்கு இந்நேரம் கவிழ்ந்திருக்குமே, இது."
செல்லுமென் திரும்பிப் பார்த்தான்.
வரிசையில் இருந்த மீன்காரர்கள் இருவரும்
எழுந்துபோய்ப் பார்த்தார்கள்.
ஆமாம், கவிழ்ந்திருக்கும் என்றார்கள்.
ஐந்து மாதம் எத்தனை சமையலறைகளில்
காத்திருந்தது அந்தப் படகு,
ஆகஸ்ட் வந்து கவிழ!

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து நறுக்கியதைத் தேடி எடுத்து
அச்சிட்டேன். சுருட்டினால் நாடா.
காற்றின்மேல் உட்கார்ந்த ஒருவன்,
இல்லாத படகில் ஊன்றிய பாதங்கள்,
கையிலிருந்து புறப்பட்டு
வெட்டிய விளிம்புவரை போகும் கயிறு.
கொஞ்சமும் தொய்வில்லை.
அந்தப் பக்கம் ஏதோ இருந்து
இன்னும் இழுக்கிறதுபோல.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்தான், திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் வெறுந்தாள்.
"முதுகுதானா?" என்றான்.
"லைசென்ஸ் புதுப்பிக்கணும்.
முகம் இருந்தால் வெட்டிக் கொடுத்திருக்கலாம்."

செப்டம்பருக்கு ஒரு நீர்வீழ்ச்சி.
அதை எடுத்தது நானல்ல.